ஏழாவது நாற்காலி

கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் உங்கள் கூடை மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு டிக்கெட் எடுத்தீர்களா? மடியில் வையுங்கள். நானும் என் பையை மடியில்தான் வைத்திருக்கிறேன். ஆங், இப்போது சரி.

நான் திருவெள்ளறையில் இறங்கிவிடுவேன். கோவிலுக்குத்தான். அங்கே வேறு எதற்குப் போவார்கள்?

ஊருக்குப் புதுசா என்றா கேட்கிறீர்கள்? இந்தத் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துச் சொல்கிறீர்கள். பிறந்தது உறையூர், படித்தது திருச்சி கான்வென்ட், குடித்தனம் பண்ணியது தில்லைநகர். பத்தொன்பது வருஷமாகத்தான் அமெரிக்கா. டெக்சாஸ். வெயிலில் நம் ஊருக்கு அக்கா.

அங்கே என்ன உத்தியோகமா? அரசாங்கம் நடத்துகிறேன். சிரிக்காதீர்கள். அந்த ஊர் அரசியல் சாசனத்தில் மூன்று பிரிவு. சட்டம் போடுகிறவர்கள் ஒரு கட்டடம், அதை நிறைவேற்றுகிறவர் ஒரு கட்டடம், தீர்ப்புச் சொல்கிறவர்கள் ஒரு கட்டடம். மூன்றும் ஒரே கையில் சேர்ந்துவிடக் கூடாதாம். சேர்ந்தால் என்ன கெட்டுவிடும்? என் வீட்டில் மூன்றும் நான்தான். ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடக் கூடாது என்று சட்டம் போட்டது நான். துண்டைப் போட்டது யார் என்று கண்டுபிடிப்பது நான். விசாரிப்பது நான், தண்டிப்பது நான். இருபத்தெட்டு வருஷமாக நடக்கிறது, ஒரு அப்பீல் வந்ததில்லை. என் வீட்டுக்காரர் கனகசபை இருக்கிறாரே, அவர் ஜனாதிபதி. அந்த ஊர் ஜனாதிபதி இல்லை, நம் ஊர் ஜனாதிபதி. நீட்டிய இடத்தில் கையெழுத்து.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், குடியுரிமைக்குத் தேர்வு எழுதினேன். எழுதவில்லை, வாயால் சொன்னேன். நூறு கேள்வி கொடுத்துவிடுவார்கள், வீட்டில் படித்துக்கொண்டு போக வேண்டும். அதிகாரி அதில் பத்து கேட்பார், ஆறு சரியாகச் சொன்னால் போதும். எனக்கு நூறும் தலைகீழாகத் தெரியும். கான்வென்ட் மனப்பாடம், நாற்பது வருஷமானாலும் துருப்பிடிக்காது. செனட்டில் எத்தனை பேர், நூறு. சாசனத்துக்கு எத்தனை திருத்தம், இருபத்தேழு. அந்த மனிதர் ஆறாவது பதிலோடு பேனாவை மூடிவிட்டார்.

"மீதி நாலு கேள்வி?" என்றேன்.

"தேவையில்லை மேடம், நீங்கள் தேறிவிட்டீர்கள்."

"அப்போ மீதித் தொண்ணூற்று நாலு பதிலை நான் யாரிடம் போய்ச் சொல்வது?"

அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் தட்டுத்தடுமாறி ஆறு சொன்னார். அவருக்கும் அதே பாஸ்போர்ட், அதே நீல அட்டை. அந்த நாட்டில் எனக்குப் பிடிக்காதது இது ஒன்றுதான்.

கண்டக்டர்! சில்லறை அப்புறம் தாருங்கள், ஆனால் தாருங்கள். உங்கள் முகம் எனக்கு ஞாபகம் இருக்கும்.

எங்கே விட்டேன்? பாஸ்போர்ட். அடுத்தது கடிதாசி. இந்த வருஷம் சித்திரையில் வீட்டுக்கு ஒரு கடிதாசி வந்தது. கோர்ட்டிலிருந்து. ஜூரியாக வர வேண்டும் என்று. ஜூரி என்றால் தெரியுமா? அந்த ஊரில் குற்றம் செய்தார்களா இல்லையா என்று நீதிபதி முடிவு பண்ணுவதில்லை. தெருவில் போகிறவர்களில் ஆறு பேரையோ பன்னிரண்டு பேரையோ கூப்பிட்டு உட்காரவைத்து, எல்லாச் சாட்சியையும் கேட்கவைத்து, ஒரு அறையில் போட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்து வெளியே சொல்ல வேண்டும். ஒருவர் மாறினாலும் செல்லாது. நீதிபதி சும்மா அம்பயர் மாதிரி.

என் வீட்டுக்காரர் கடிதத்தைப் பார்த்ததுமே, "இதெல்லாம் தொல்லைடி சுகுணா. எங்க ஆபீஸ்ல எல்லாரும் ஏதாவது சொல்லித் தப்பிச்சிருவாங்க. முதுகு வலின்னு எழுதிப் போட்டுரு" என்றார்.

"ஏங்க, இருபத்தெட்டு வருஷத்துல என்னோட அபிப்பிராயம் என்னன்னு கேட்டு யாராவது ஒரு கடுதாசி போட்டிருக்காங்களா? ஒரு அரசாங்கமே கேக்குது. முதுகு வலியாம்."

"அபிப்பிராயம்தான் யாரும் கேக்காமலே நீ சொல்லுவியே" என்றார். அன்றைக்கு அவருக்கு ரசம் கிடையாது.

கோர்ட்டுக்குப் போன அன்று அரக்குக் கலர்ப் பட்டுப்புடவை. பன்னிரண்டு பேருக்குப் புளியோதரை. ஒரு அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்தினால் பசிக்காதா? பசியோடு தீர்ப்புச் சொன்னால் அது தீர்ப்பா? சின்ன வழக்குக்கு ஆறு பேர்தான் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

முதலில் ஒரு இருபது பேரை உட்காரவைத்தார்கள். எல்லோரும் கையைத் தூக்கி உண்மையே பேசுவோம் என்று சத்தியம் பண்ணினோம். அப்புறம் இரண்டு பக்கத்து வக்கீல்களும் கேள்வி கேட்டார்கள். யார் பாரபட்சம் இல்லாதவர் என்று பொறுக்கி எடுக்க. மற்றவர்கள் தப்பிக்கிற அழகைப் பார்க்க வேண்டுமே! ஒருவர் தனக்குப் போலீஸ் என்றாலே ஆகாது என்றார். ஒரு பெண்மணி, தன் நாய் தனியாக இருந்தால் அழும் என்றாள். நான் ஒருத்திதான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். திறந்த மனதோடு கேட்பீர்களா? கேட்பேன். போலீஸில் சொந்தக்காரர் உண்டா? இல்லை.

குற்றம் சாட்டப்பட்டவளுக்கு வாதாட வந்த பெண் வக்கீல் கடைசியாக ஒன்று கேட்டாள். "உங்களில் யாராவது, உங்கள் வீட்டில் வேலை செய்தவர் மேல் திருட்டுக் குற்றம் சொன்னது உண்டா? உண்டென்றால் கை தூக்குங்கள்."

நான் தூக்கவில்லை.

சத்தியம் பண்ணியிருந்தேன்தான். இல்லை என்று சொல்லவில்லை. கேள்வி அமெரிக்காவைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டேன். அதை அப்புறம் சொல்கிறேன், விடுங்கள்.

ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு ஏழாவது நாற்காலி. ஆறு பேர் போதுமென்றால் ஏழாவது ஆள் எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம் ஊரில் ஒரு குழாயைப் பழுது பார்க்க நாலு பேர் வந்து மூன்று பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் பழக்கம்.

வழக்கு இதுதான். எண்பத்துநாலு வயதுக் கிழவி, திருமதி வின்ஸ்லோ. தனியாக இருக்கிறாள். கவனித்துக்கொள்ள ஒரு பெண் வருகிறாள், பெயர் மரிசோல். குளிப்பாட்டி, சாப்பிடவைத்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போவாள். கிழவியின் வைர மோதிரத்தைக் காணோம். டிராயரில் இருந்ததாம். கிழவியின் மகள் வந்து பார்த்தபோது இல்லை. வீட்டுக்கு வந்து போகிறவள் மரிசோல் ஒருத்திதான். வாசல் கேமராவில் அவள் ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவது தெரிகிறது. பையில் சூப் என்கிறாள். குற்றம் உறுதியானால், இனி எந்த வீட்டிலும் எந்த நோயாளிக்கும் பக்கத்தில் அவளை விடமாட்டார்கள். அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான்.

முதல் நாள் பத்து நிமிஷத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள்தான். எப்படியா? அவள் யார் கண்ணையும் பார்க்கவில்லை. மேஜையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தப்புச் செய்யாதவள் ஏன் தலையைக் குனிய வேண்டும்?

நீதிபதி அம்மா ஆரம்பத்திலேயே ஒரு விதி சொல்லிவிட்டாள். வழக்கு முடியும்வரை இதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடக் கூடாது, புருஷனிடம்கூட. நான் வீட்டுக்குப் போய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் இதில்தான் வந்து நிற்கும் என்று எனக்கே பயம். அதனால் எதையுமே பேசவில்லை. மூன்று நாள். என் வீட்டுக்காரர் இரண்டாம் நாள் சாயங்காலம் காப்பியைக் குடித்துக்கொண்டு, "இந்த மாதிரி கேஸெல்லாம் சில சமயம் ஆறு மாசம்கூட நடக்கும், இல்ல?" என்று கேட்டார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

எங்கள் கான்வென்டில் சிஸ்டர் பெர்னதீன் என்று ஒருவர் இருந்தார். அவரிடம் இந்த ஜூரி, சாட்சி எல்லாம் கிடையாது. யாரோ மேசைமேல் மையைக் கொட்டிவிட்டால், செய்தவள் எழுந்து ஒப்புக்கொள்ளும்வரை மொத்த வகுப்பும் முழங்காலில். அரை மணி, முக்கால் மணி. கண்டிப்பாக ஒருத்தி எழுந்து ஒப்புக்கொள்வாள். ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஒரு தடவை நானே எழுந்தேன். மையைக் கொட்டியது நான் இல்லை, ஆனால் முழங்கால் என்னுடையதுதானே. கையில் ஆறு அடி, வகுப்பு விடுதலை. அந்த ஒழுங்கு இப்போது யாரிடம் இருக்கிறது?

இங்கே என்னடா என்றால் எல்லாம் தலைகீழ். மரிசோல் தான் எடுக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியதே இல்லையாம். எடுத்தாள் என்று அரசாங்கம்தான் நிரூபிக்க வேண்டுமாம். அதுவரை அவள் நிரபராதி. கொஞ்ச நஞ்சம் இல்லை, நியாயமான சந்தேகம் ஒன்றுகூட மிஞ்சாமல் நிரூபிக்க வேண்டும். அதைவிடப் பெரிய கூத்து, அவள் கூண்டில் ஏறிப் பேசவே இல்லை. ஐந்தாவது திருத்தம். எனக்குத்தான் நூறு கேள்வியும் தெரியுமே. தனக்கு எதிராகத் தானே பேச வேண்டும் என்று யாரையும் வற்புறுத்த முடியாது. பரீட்சைக்குப் படிக்கிறபோது அது நல்ல பதில். எதிரே ஒருத்தி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறபோது எரிச்சலாக வருகிறது. நீதிபதி எங்களைப் பார்த்து, "அவர் பேசாமல் இருப்பதை நீங்கள் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, தனியாக யோசிக்கும்போதுகூட" என்றாள். மண்டைக்குள் வந்து சட்டம் போடுகிறார்கள் பாருங்கள்! அதைச் செய்ய என்னாலேயே முடிந்ததில்லை, என் வீட்டுக்காரரிடம்.

செங்கமலமும் பேசவில்லை.

யாரா? எங்கள் தில்லைநகர் வீட்டில் வேலை செய்தவள். சும்மா ஞாபகம் வந்தது. இருங்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் கிழவியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மோதிரம் எங்கே அம்மா என்றால், "என் கணவர் பத்திரமாக வைத்திருக்கிறார்" என்றாள். அவர் செத்துப் பன்னிரண்டு வருஷம். அந்தப் பெண் வக்கீல் மகளிடம் மெல்லக் கேட்டாள். உங்கள் அம்மா பொருளை இடம் மாற்றி வைப்பதுண்டா? ஒருமுறை மூக்குக்கண்ணாடி ஃப்ரீசரில் இருந்தது என்று மகள் ஒப்புக்கொண்டாள். மோதிரத்தை எங்கெங்கே தேடினீர்கள்? டிராயரில், நகைப்பெட்டியில், கட்டிலுக்கு அடியில். சமையலறையில்?

"சமையலறையில் எதற்குத் தேட வேண்டும்?" என்றாள் மகள்.

அரசாங்க வக்கீல், என் மகள் வயதுதான் இருக்கும், எழுந்து சிரித்தான். எங்கள் ஏழு பேர் பக்கம் திரும்பினான். "வைர மோதிரத்தை யாராவது மாவு டப்பாவில் வைப்பார்களா?" என்றான்.

ஆறு பேரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அந்த ஏசியில் எனக்கு ரவிக்கை நனைந்துவிட்டது.

நீங்களே சொல்லுங்கள். நாலு நாள் வெளியூர் போகிறீர்கள். போட்டுக்கொண்டது போக மிச்ச நகையை எங்கே வைப்பீர்கள்? பாருங்கள், யோசிக்காமல் சொல்லிவிட்டீர்கள். உங்களுக்குப் பயத்தம்பருப்பு, எங்களுக்குக் கொள்ளு. திருடன் பீரோவை உடைப்பான், கொள்ளு டப்பாவைத் தொடமாட்டான். எங்கள் வீட்டிலும் தொடமாட்டார்கள், என் வீட்டுக்காரருக்குக் கொள்ளு ஆகாது.

இருபது வருஷத்துக்கு முன்னால் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். போகும்போது என் வெள்ளைக்கல் தோட்டை ஒரு துணியில் முடிந்து டப்பாவில் போட்டேன். வந்தேன். மறந்தேன். இரண்டு வாரம் கழித்துப் பீரோவைத் திறக்கிறேன், தோடு இல்லை. வீட்டுக்கு வந்து போகிறவள் செங்கமலம் ஒருத்திதான். சாவியும் அவளிடம் ஒன்று இருந்தது.

ஆறு வருஷம் வேலை செய்தவள். என் மகளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையை வைத்துக்கொண்டு பதினோரு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். நான் கூடத்தில் நிற்கவைத்துக் கேட்டேன். நன்றாகத்தான் கேட்டேன், கத்தவில்லை. "நீயா குடுத்துட்டா நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றேன். சிஸ்டர் பெர்னதீன் முறை.

"அக்கா..." என்றாள். அவ்வளவுதான். தலையைக் குனிந்துகொண்டாள். கையிலிருந்த விளக்குமாற்றை வழக்கமாக வைக்கிற இடத்தில், கதவுக்குப் பின்னால், தலைகீழாக வைத்தாள். சாவியைக் குழாய்த் திட்டின்மேல் வைத்தாள். போய்விட்டாள்.

குற்றம் செய்யாதவள் வாயைத் திறந்து சண்டை போடமாட்டாளா? அப்படித்தான் நினைத்தேன். தெருவில் இன்னும் நாலு வீட்டில் வேலை செய்தாள். நாலு வீட்டிலும் போய்ச் சொன்னேன். ஜாக்கிரதையாக இருங்கள் என்று. பொதுநலம்தானே. ஒரே வாரத்தில் நாலு பேரும் நிறுத்திவிட்டார்கள்.

எட்டு மாசம் கழித்து அமெரிக்காவுக்குக் கிளம்ப வீட்டைக் காலி பண்ணினேன். டப்பாவிலிருந்த கொள்ளு பக்கத்து வீட்டுக்குப் போகட்டும் என்று கவிழ்த்தேன்.

விமானத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. மூட்டை கட்ட வேண்டும், பாஸ்போர்ட், தடுப்பூசி, ஆயிரம் வேலை. ஒன்பது நாளில் யாரை எங்கே போய்த் தேடுவது? அந்த நாலு வீடும் அதே தெருவில்தான் இருந்தது என்கிறீர்களா? இருந்தது. உங்களுக்கும் வக்கீல் மாதிரிதான் கேட்க வருகிறது.

தோட்டைக் காதில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினேன். கிடைத்துவிட்டதா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கிடைத்துவிட்டது என்றேன். பாதுகாப்பு விதிப்படி பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

சரி, கோர்ட்டுக்கு வாருங்கள். இப்போது என் நிலைமையைப் பாருங்கள். அந்தச் சபையில் வைரத்தை மாவு டப்பாவில் வைப்பார்கள் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். மற்ற ஆறு பேரும் சிரித்தவர்கள். கதவைச் சாத்தியதும் முதல் ஆளாக எழுந்து சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாகச் சேர்த்துவைத்த வாயோடு மூன்றாம் நாள் போய் உட்கார்ந்தேன். வாதம் முடிந்தது. நீதிபதி எங்களைப் பார்த்தாள்.

"ஜூரிகள் ஆறு பேரும் உள்ளே போகலாம். ஏழாம் எண், நீங்கள் மாற்று ஜூரி. ஆறு பேரில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் மட்டும்தான் உங்களைக் கூப்பிடுவோம். உங்கள் சேவைக்கு நன்றி."

மாற்று ஜூரி! ஸ்டெப்னி டயர்! மூன்று நாள் பட்டுப்புடவையில் உட்கார்ந்து, புருஷனிடம்கூடப் பேசாமல், எல்லாவற்றையும் கேட்டு, கடைசியில் டிக்கியில் போட்டு மூடிவிட்டார்கள்!

என்னது? திருவெள்ளறையா? தெரியும், தெரியும், கோபுரம் எனக்கும் கண்ணில் படுகிறது. மொட்டைக் கோபுரம், பார்த்திருக்கிறேன். பெருமாள் எங்கே போய்விடப் போகிறார்? பேச்சை நடுவில் விட்டுவிட்டு இறங்கினால் உங்களுக்குத்தான் கஷ்டம். கண்டக்டர், போகலாம், ரைட்! அடுத்த டிக்கெட்டைப் போடுங்கள். புலிவலம்.

தனி அறையில் உட்காரவைத்தார்கள். காவலுக்கு ஒரு டவாலி. நம் ஊர் டவாலி மாதிரி இல்லை, ஆறரை அடி, இடுப்பில் துப்பாக்கி. பெயர் டுவேன்.

"மிஸ்டர் டுவேன், அந்த ஆறு பேரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்."

"முடியாது மேடம்."

"எழுதித் தருகிறேன். ஒரு வரி."

"முடியாது மேடம்."

"ஒரு பெண்ணின் வாழ்க்கை. உங்கள் அம்மா நகையை எங்கே வைப்பாள் என்று கேட்டுப் பாருங்கள்."

"மேடம், உட்காருங்கள்."

உட்கார்ந்தேன். அன்றைக்கும் கொண்டுபோயிருந்த புளியோதரையை அவனுக்குக் கொடுத்தேன். லஞ்சம் இல்லை, பசித்த முகமாக இருந்தது. நிலக்கடலையைப் பொறுக்கித் தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்றான். கொடுத்தேன். கதவு மட்டும் திறக்கவில்லை.

இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரம் என் எதிரிக்கும் வர வேண்டாம். அந்த ஆறு பேரில் ஒருவருக்கு வயிற்றுவலி வரட்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டேன், பாவம்தான். வரவில்லை. சிரித்த ஆறு பேரும் உள்ளே உட்கார்ந்து என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் நான் நினைத்ததைத்தான் பேசுவார்கள். தலையைக் குனிந்தாளே. வாயைத் திறக்கவில்லையே. வேறு யார் வந்தார்கள்? என்னுடைய ஒவ்வொரு வார்த்தையும் அடுத்த அறையில் ஆறு வாயில் இருக்கிறது, நான் இங்கே ஒரு டவாலிக்குப் பரிமாறிக்கொண்டிருக்கிறேன்.

கூப்பிட்டார்கள். போய் என் ஏழாவது நாற்காலியில் உட்கார்ந்தேன். மரிசோல் எழுந்து நின்றாள்.

குற்றவாளி அல்ல.

ஆறு பேரும். ஒரே வார்த்தை.

மரிசோல் அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். வரிசையாக ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆறாவது முகத்தோடு நிறுத்தவில்லை. ஏழாவதாக என்னையும் பார்த்துத் தலையை அசைத்தாள். நன்றி என்று. எனக்கு! நான் குனிந்துகொண்டேன். கைப்பை ஜிப்பைப் பார்த்தேன்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் அந்த ஆறு பேரில் ஒரு கிழவரைப் பிடித்துவிட்டேன். மாடு வளர்க்கிறவர், பெரிய தொப்பி. இனி பேசலாமே. "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? மாவு டப்பாவா?" என்றேன்.

"எந்த மாவு டப்பா?" என்றார்.

"அப்புறம் அவள் எடுக்கவில்லை என்று எப்படித் தெரிந்தது?"

"தெரியவில்லை மேடம்" என்றார். "அவள் எடுத்தாளா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதனால்தான்." தொப்பியைத் தொட்டுக் கும்பிடு மாதிரி ஒன்று போட்டுவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

எனக்கு அப்படி ஒரு கோபம்! தெரியவில்லை என்று சொல்வதற்கா ஆறு பேர், இரண்டு மணி நேரம்? தெரியவில்லை என்று சொல்ல என்ன படிப்பு வேண்டும்? என்னிடம் இருந்த கொள்ளு டப்பா யாருக்கும் தேவையே படவில்லை. வெளியே வருகிறபோதே கிழவியின் மகளை நடையில் பார்த்துச் சொல்லியிருந்தேன், போய் மாவு டப்பாவைப் பாருங்கள் என்று. என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். பார்த்தாளா, மோதிரம் இருந்ததா, ஒன்றும் தெரியாது.

வீட்டுக்குப் போனால் என் வீட்டுக்காரர் வாசலிலேயே நிற்கிறார். "முடிஞ்சுதா? சொல்லு சொல்லு, இப்ப சொல்லலாம்ல" என்கிறார். மூன்று நாள் நிம்மதியாக இருந்த மனிதர், ஆவல் தாங்கவில்லை.

புடவைகூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்தேன். தோட்டைக் கழற்றி மேஜையில் வைத்தேன். சட்டம் போட்டது நான், பிடித்தது நான், விசாரித்தது நான், தண்டித்தது நான். அந்த ஊரில் எதற்கு மூன்று கட்டடம் கட்டியிருக்கிறார்கள் என்று குடியுரிமைப் பரீட்சையில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்லியிருப்பேன்.

"டிக்கெட் போடுங்க. ஊருக்கு" என்றேன்.

"யாருக்கு என்ன?" என்று பதறிவிட்டார்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. கோவிலுக்கு."

போன வாரம் வந்தேன். தில்லைநகரில் அந்த நாலு வீட்டுக்கும் முதலில் போனேன். இரண்டு வீடு இடித்து அப்பார்ட்மென்ட். ஒரு வீட்டில் அந்த அம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். நாலாவது வீட்டு அம்மாளுக்கு நான் யார் என்றே ஞாபகமில்லை. ஆனால் செங்கமலத்தை ஞாபகம் இருக்கிறது. "அந்தத் தோடு திருடுனாளே, அவளா?" என்கிறாள். என் பேரை மறந்துவிட்டாள், நான் சொன்னதை மறக்கவில்லை. தோட்டைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். "அப்படியா, பாவம்" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். தெருமுனைப் பூக்கார அம்மாதான் சொல்லிற்று. செங்கமலம் சொந்த ஊருக்கே வந்துவிட்டாளாம், புலிவலம் பஸ் ஸ்டாப்பை ஒட்டி இட்லிக் கடை போட்டிருக்கிறாளாம்.

என்ன சொல்லப் போகிறேனா? சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டு வருகிறேன், நீங்கள்தான் பேச்சுக் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள். இங்கிலீஷில் சாரி என்று சொல்ல நன்றாக வரும். அவளிடம் போய் இங்கிலீஷில் சொல்வதா? தோட்டைக் கையில் கொடுத்தால், அன்றைக்குப் போட்ட பழியை இன்றைக்கு அவள் கையிலேயே வைத்த மாதிரி ஆகிவிடும். அவள் திட்டினால் பரவாயில்லை, விளக்குமாற்றை எடுத்தாலும் பரவாயில்லை. "வாங்கக்கா, சாப்பிடுங்க" என்று இலையைப் போட்டுவிட்டால்? அதற்குத்தான் பயமாக இருக்கிறது.

மன்னிப்பாளா என்றா? தெரியவில்லை.

நீங்கள் துறையூர் வரைக்கும்தானே? அடுத்த பஸ் இருபது நிமிஷத்தில் வரும், டிக்கெட் நான் எடுத்துத் தருகிறேன். என்னோடு கொஞ்சம் இறங்குங்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேளுங்கள், போதும். தீர்ப்பெல்லாம் சொல்ல வேண்டாம். அவள் பேச ஆரம்பித்ததும் நான் நடுவில் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பேன். விமானத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது, அது இது என்று. என்னை எனக்குத் தெரியும். அப்போது மட்டும் என் முந்தானையைப் பிடித்து ஒரு இழு இழுங்கள்.

கண்டக்டர், நிறுத்துங்கள்! இரண்டு பேர். கூடையை இப்படிக் கொடுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்.